600 வெள்ளிக்கு வாசிப்புக் கருவியா, புத்தகங்களா?

ஆண்டிறுதி போனஸில் 600 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) வாசிப்புக்கென்று தனியே எடுத்து வைத்தேன். அதை எதில் போடுவது என்று முடிவெடுக்க இரண்டு மாதம் ஆனது. கோலாலம்பூரின் செந்தூலில் எங்களுடையது மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீடு. வாசிக்கிறவர்கள் மூன்று பேர்: நான், 76 வயது அப்பா, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள். கண்ணைக் கூசாத திரை கொண்ட வாசிப்புக் கருவி ஒன்று வாங்கலாம், அல்லது ஒரு டேப்லெட் வாங்கலாம், அல்லது மொத்தப் பணத்துக்கும் புத்தகம் வாங்கலாம். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே விடை கிடைக்கும் என்று நம்பித்தான் விசாரிக்கத் தொடங்கினேன். அப்படிக் கிடைக்கவில்லை. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், யோசித்ததையும் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'மின்திரையில் வாசிப்பது' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு அனுபவங்களை. கைப்பேசியும் டேப்லெட்டும் தாமே ஒளியை உமிழ்ந்து நம் கண்ணை நோக்கி வீசுபவை. கிண்டில், கோபோ போன்ற வாசிப்புக் கருவிகளின் திரையோ மின்மையால் ஆனது. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்படித்தான் எழுத்து உருவாகிறது. காகிதத்தைப் போலவே அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் நமக்கு அது தெரிகிறது. நட்டநடு வெயிலிலும் வாசிக்கலாம். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை, அதனால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வரும். இரவு வாசிப்புக்காக உள்ளே இருக்கும் விளக்குகள்கூட ஓரத்திலிருந்து திரையின் மேல்தான் ஒளியைப் பரப்புகின்றன.

இந்த வேறுபாடு தூக்கத்தைத் தொடுகிறது. 2014 இறுதியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 பேரைச் சில நாள் படுக்கும் முன் ஐபேடிலும் சில நாள் அச்சுப் புத்தகத்திலும் வாசிக்க வைத்தார்கள். ஐபேடில் வாசித்த இரவுகளில் தூக்கம் வரத் தாமதமானது, தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் ஓர் அத்தியாயம் வாசித்துவிட்டு ஒரு மணி வரை புரண்டு படுத்த எனக்கு அதை நம்பத் தனிச் சான்று வேண்டியிருக்கவில்லை. டேப்லெட் அப்போதே பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரிக்கு எதிரி நண்பன் என்பார்கள். வாசிப்பவருக்கோ புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் நண்பர்களே எதிரிகள். ஒரு பத்தி முடிவதற்குள் மூன்று செய்திகள் வந்து விழும்.

என் வாசிப்பு பெரும்பாலும் ரயிலில்தான். காலையில் செந்தூலில் கம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, கிள்ளான் வரை போக வேண்டும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பாதி நாள் நின்றுகொண்டுதான். ஒரு கையில் மேலே தொங்கும் பிடியும் மறு கையில் 500 பக்க நாவலுமாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கம் திருப்புவதே ஒரு வித்தை. வாசிப்புக் கருவி 160 கிராம்கூட இல்லை, கட்டைவிரலால் பக்கம் திருப்பலாம். மாலை நாலு மணிக்கு மேல் இந்த ஊரில் கொட்டும் மழை இருக்கிறதே, அதில் என் கைப்பையோடு சேர்ந்து நனைந்து உப்பிப்போன புத்தகங்கள் நான்கைந்து இன்னமும் வீட்டில் இருக்கின்றன. பயணத்துக்குக் கருவிதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

அடுத்த கேள்வி தமிழ் அதில் எப்படி வரும் என்பது. ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் எழுதும் கருவி ஒப்பீடுகள் நமக்கு உதவாத இடமும் இதுதான்.

கணினியில் தமிழ் வந்த கதையில் இந்த மண்ணுக்கு நல்ல பங்கு உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் நாம் பார்க்கும் இணைமதி எழுத்துரு அவர் வடிவமைத்தது. இன்று எந்தத் திரையிலும் தமிழ் தெளிவாகத் தெரிகிறதென்றால் அப்படிப்பட்டவர்களின் பல ஆண்டு உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் முறையாக வந்தன. மின்னூல் சரியாக ஒருங்குறியில் (யுனிகோட்) செய்யப்பட்டிருந்தால் வாசிப்பு இனிமையாகவே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி அதற்கேற்ப மடங்கிக்கொள்ளும். ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. நம் சொற்கள் விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ந்து நீண்டுவிடுபவை. எழுத்தைப் பெரிதாக வைத்து இருபுறமும் வரியை நேராக்கினால், சிறிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான தொல்லை பிடிஎஃப்களில்தான். தமிழில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களில் மிகுதியானவை பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்த கோப்புகள். அவற்றை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எள்ளளவு தெரியும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்தவேண்டும். ஒரு நூலை அப்படி வாசிக்க முயன்று இருபதாம் பக்கத்தில் கைவிட்டேன். நீங்கள் வாசிக்க நினைப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட கோப்புகள் என்றால் சிறிய கருவி வாங்கவே வாங்காதீர்கள். பத்து அங்குலத் திரை வேண்டும், அது விலை அதிகம். இல்லையென்றால் அச்சுப் படியைத் தேடுவதே மேல்.

அதே வேளையில் கருவிக்கு ஏற்ற வடிவிலும் கை நிறையக் கிடைக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இலவசமாகத் தருகிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலும் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி அளவிலும் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அதன் தொகுதிகளைப் பார்க்க நூலகத்துக்குப் போய் உட்கார வேண்டும்.

ஆனால் சங்கப் பாட்டை உரையோடு வாசிப்பது என்று வந்தால் நான் காகிதத்துக்குத் திரும்பிவிடுகிறேன். மூலம் ஒரு பக்கம், பதவுரை ஒரு பக்கம், கீழே அடிக்குறிப்பு, பின்னால் பாடபேதம். நாலு இடத்திலும் விரலைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருகிற வாசிப்பு அது. கருவியில் அப்படித் தாவினால் இரண்டாவது தாவலில் எங்கே இருந்தோம் என்பதே மறந்துபோகும். கதைக்கும் கட்டுரைக்கும் கருவி, உரையோடு கற்பதற்குக் காகிதம் என்று எனக்குள் பிரித்துக்கொண்டேன்.

இனிப் பணக் கணக்கு. ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சென்னையில் 400 ரூபாய் விலையிட்ட நாவல் 20 வெள்ளிதான். ஆனால் கப்பலேறி, கடை வாடகையும் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் என் கைக்கு வரும்போது 40 வெள்ளியைத் தொட்டுவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இங்கே தமிழ்ப் புத்தகம் விற்றுப் பிழைப்பதே பெரிய பாடு. அதே நாவலின் மின்னூலுக்கு நான் கொடுப்பது எட்டுப் பத்து வெள்ளி. ஆக, ஒரு நூலுக்கு 30 வெள்ளி மிச்சம். ஒருவர் பயன்படுத்திய கருவியை 380 வெள்ளிக்கு வாங்கினால், பதின்மூன்றாவது நூலில் போட்ட முதல் திரும்பிவிடும். மாதம் ஒரு நூல் வாசிப்பவருக்கு ஓராண்டுக் கணக்கு. ஆண்டுக்கு மூன்று நான்கு புத்தகம் வாசிப்பவர் கருவி வாங்கினால், அது பழசாகும் வரை முதல் திரும்பாது. அவர் புத்தகமே வாங்கட்டும்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு சொல்: வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரிவிலக்கில் புத்தகங்கள், இதழ்கள், டேப்லெட், கைப்பேசி, இணையச் சந்தா எல்லாம் ஒன்றாக அடங்கும். புதுக் கைப்பேசி வாங்கிய ஆண்டில் அதுவே விலக்கை விழுங்கிவிடும். மற்ற ஆண்டுகளில் புத்தகக் கடை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மின்னூல் வாங்குவதில் ஒரு நெருடல் இருக்கிறது. நாம் வாங்குவது நூலை அன்று, அதை வாசிப்பதற்கான உரிமத்தை. 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் இருந்ததாகச் சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். 2025 பிப்ரவரி கடைசியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒருமுறை வாசித்துவிட்டு விடும் நாவலுக்கு இது பெரிய பொருட்டில்லை. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கும் நூலை நான் அப்படி வாங்கமாட்டேன்.

காகிதம் மட்டும் நிலையானதா என்றால் அதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் மார்பளவு நின்றது. சித்தப்பாவும் சித்தியும் மேல்மாடியில் இரண்டு இரவு தங்கி உயிர் பிழைத்தார்கள். கீழே கூடத்து அலமாரிகளில் இருந்த புத்தகங்கள் முந்நூறுக்கு மேல். சித்தப்பா தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர், நாற்பது ஆண்டு சேர்த்தவை. தண்ணீர் வடிந்த பின் நாங்கள் போனபோது அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றுக் கட்டிகளாகக் கிடந்தன. மண்வெட்டியால்தான் அள்ளினோம். சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு நானும் அவரும் உட்கார்ந்து, நினைவிலிருந்து ஒரு பட்டியல் போட்டோம். தமிழ்நாட்டு நாவல்கள், பழந்தமிழ் நூல்கள், மொழிபெயர்ப்புகள் என்று முக்கால்வாசி ஒரு மாதத்தில் திரும்பக் கிடைத்துவிட்டன. சில மின்னூலாக, சில இலவசமாக, சில சென்னையிலிருந்து மறுபதிப்பாக. கிடைக்காமலே போனவை இங்கே எழுதி இங்கே அச்சடித்த நூல்கள். தோட்டத்து வாழ்க்கையை எழுதிய சிறுகதைத் தொகுப்புகள், பள்ளி ஆண்டுமலர்கள், நண்பர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கவிதைப் புத்தகங்கள். அவற்றில் பெரும்பாலானவை எங்கள் தேடலில் மின்வடிவிலும் வரவில்லை, பழைய புத்தகக் கடையிலும் வரவில்லை. எழுதியவர்களில் பலர் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகளிடமும் படி இல்லை.

அந்தப் பட்டியல்தான் என் முடிவைத் திருப்பியது. அதுவரை நான் கருவியையும் காகிதத்தையும் எதிரெதிராக நிறுத்திக்கொண்டிருந்தேன். எந்த நூல் எங்கே கிடைக்கிறது, எது போனால் திரும்ப வராது என்று கேட்டிருக்க வேண்டும்.

நம் நூல்கள் எப்படி வெளிவருகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எழுத்தாளரே கைக்காசைப் போட்டுச் சில நூறு படிகள் அச்சடிப்பார். ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. முதல் நூலைப் பெறும் பிரமுகர், பிறகு உறையில் ஐம்பதோ நூறோ வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுக்கொள்ளும் நண்பர்கள். அன்றைக்கு வாங்கியவர் வாங்கியதுதான். மீதி எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டிகளில் இருக்கும். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி அச்சு நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தங்கள் நூலுக்கு இதைச் செய்யாத எழுத்தாளர்கள் இருந்தால், தயவுசெய்து செய்துவிடுங்கள். சிங்கப்பூரில் 2015இல், நாடு விடுதலையடைந்த பொன்விழாவை ஒட்டி, ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கிப் பொதுமக்கள் வாசிக்கத் தந்தார்கள். சித்தப்பாவின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைக்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அச்சாகும் நாளிலேயே நூலின் கோப்பு எழுத்தாளரிடம் இருக்கத்தான் செய்கிறது. அதை மின்னூலாகவும் வெளியிட இன்று பெரிய செலவில்லை.

மகள் விஷயம் எளிதாகத் தீர்ந்தது. கருவியை அவள் கையில் கொடுத்ததும் "அம்மா, இதுல படம் எல்லாம் கறுப்பு வெள்ளையா இருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். படத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முந்தைய 54 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 1,70,000க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பாடங்களைக் காகிதத்தில் வாசித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது, குறிப்பாக நேரக் கட்டுப்பாட்டோடு வாசித்தபோது. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுப்பவர்களுக்கு, பாடநூலை அச்சில் வாங்கிக் கொடுங்கள். பக்கத்தின் எந்த மூலையில் அந்த வரி இருந்தது என்ற நினைவே தேர்வறையில் பாதி துணை.

அப்பா எனக்கு ஆச்சரியம் தந்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு அச்சு நூலின் சிறிய எழுத்து அவருக்குச் சிரமம். பூதக்கண்ணாடி வைத்துப் பத்துப் பக்கத்துக்கு மேல் போகமாட்டார். தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரியில் நின்றபோது, வாசிப்பே நின்றதுபோல் சில நாள் சோர்ந்து கிடந்தார். கருவியில் எழுத்தை மூன்று மடங்காக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் தயங்கினார். மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்தபோது பால்கனியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இதுல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றுதான் அடிக்கடி கேட்பார். சதவீதம் சொன்னால் அவருக்கு ஒட்டவில்லை. புத்தகத்தின் தடிமனைக் கைவிரலால் அளந்தே பழகியவர். தேவாரத்தை மட்டும் இன்றும் பழைய புத்தகத்தில்தான் வைத்துப் பாடுகிறார். நான் எதுவும் சொல்வதில்லை.

காகிதத்தை வைத்திருக்க முடிவெடுத்தால், இந்த ஊர் ஈரத்தை மறக்கக்கூடாது. காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும். சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மரத்தில் செய்தால் கரையான், நெருக்கி அடுக்கினால் ராமபாணப் பூச்சி. இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்து விசிறி அடியில் விரியுங்கள். தாழ்வான இடத்தில் வீடு என்றால் கீழ்த் தட்டில் புத்தகமே வைக்காதீர்கள்.

எதையும் வாங்காமல் வாசிக்கவும் வழி இருக்கிறது. துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம், மெர்டேக்கா சதுக்கத்தருகே கோலாலம்பூர் நூலகம். யுனெஸ்கோ கோலாலம்பூரை 2020ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23இல் தொடங்கியபோது நாடு கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தது. நூலகமும் கடையும் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியவை மதுரைத் திட்டத்தின் கோப்புகள். கருவி வேண்டாம் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு அந்த மாதங்கள் நினைவுக்கு வரும்.

ஆகவே 600 வெள்ளியில் 380ஐக் கொடுத்து, ஒருவர் ஓராண்டு பயன்படுத்திய கருவியை வாங்கினேன். ரயிலில் எனக்கு, பால்கனியில் அப்பாவுக்கு. தமிழ்நாட்டு நாவல்களை இனி அதில்தான் வாங்குகிறேன். மீதி 220 வெள்ளி முழுவதும் இங்கே அச்சான நூல்களுக்கும் மகளின் படக்கதைகளுக்கும். மின்னூலில் மிச்சமாகும் பணத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வெளியீட்டு விழாவுக்குச் சித்தப்பாவை அழைத்துப் போனேன். தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. உறையைக் கொடுத்து ஒரு படி வாங்கி, சித்தப்பாவிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு தன் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்து இன்னொரு படி வாங்கினார். ஒன்று தாமான் ஸ்ரீ மூடாவில் அவர் வீட்டு மேல்மாடிக்கு. மற்றது பினாங்கில் என் அக்கா வீட்டுக்கு. அது பதினோராம் மாடியில் இருக்கிறது.